மூன்றை விழுங்கிய தேரை

முன்னொரு காலத்தில், தேங்காய்கள் தங்கள் கண்களைத் திறந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஆறுவாசல் என்று ஒரு பட்டணம் இருந்தது. பெயருக்கேற்றபடி அதன் மதிலில் ஆறு வாசல்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பருவத்துக்கு ஒன்று. எந்தப் பருவம் வர வேண்டுமோ அதன் வாசல் திறந்தால்தான் அது ஊருக்குள் வரும். மேகமெல்லாம் கார் வாசலுக்கு வெளியே மூட்டை முடிச்சோடு நிற்கும். கதவு திறக்காவிட்டால் உள்ளே ஒரு சொட்டு விழாது.

சரி, வாசலை யார் திறப்பது? ராஜா தள்ளிப் பார்த்தார், திறக்கவில்லை. பட்டத்து யானை முட்டிப் பார்த்தது, நெற்றி வீங்கியதுதான் மிச்சம். பால்பல் விழாத பிள்ளைகள் வாசல் முன்னால் உட்கார்ந்து, வரப்போகும் பருவத்தின் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். போட்டால் கதவு தானாகத் திறக்கும்.

கணக்கு என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த ஊர்க் கணக்கு அப்படி. கார் காலத்தில் இலை நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சட்டியில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக எண்ணுவார்கள். கூதிரில் அகல் விளக்குகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைப்பார்கள். முன்பனியில் கோலப் புள்ளிக்கு ஒன்றாகப் பூசணிப்பூ வைத்து, பூ மிச்சமா புள்ளி மிச்சமா என்று பார்ப்பார்கள். பின்பனியில் புது நெல்லை ஆழாக்கிலும் படியிலும் கொட்டி, எது அதிகம் கொள்ளும் என்று சண்டை போடுவார்கள். முதுவேனிலில் காலை நிழலையும் மத்தியான நிழலையும் காலடியால் அளப்பார்கள். அளந்து முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிடும், மறுபடி அளப்பார்கள். அது ஒரு விளையாட்டு. கதவு திறந்ததும் மூன்று கல் கூட்டி, வாசலிலேயே பொங்கல் வைத்து ஊருக்கே கொடுப்பார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கியவள் உலகம்மை. மேலத்தெருவில் ஒரு கொட்டகை போட்டு, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் அவள்தான் உட்கார வைத்துப் பழக்கினாள். வாசல் திறக்கும் நாளில் ராஜா முதல் மாலையை அவள் கழுத்தில்தான் போடுவார். உலகம்மை தெருவில் நடந்தால் ஊர் எழுந்து நின்றது. அவளும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

அப்புறம் தும்பை வந்தாள்.

கடற்கரை ஊரிலிருந்து வந்தவள். சின்ன வயசு, பெரிய சிரிப்பு. பட்டணத்தில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், ஒரு கொட்டகை போதாது என்று ராஜாவே கீழத்தெருவில் அவளுக்கும் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். உலகம்மை மொட்டு கட்டிய பூவை எண்ண வைத்தால் தும்பை தேன்சிட்டை எண்ண வைத்தாள். தேன்சிட்டு ஒரு இடத்தில் நிற்குமா? எண்ணுவதற்குள் பறந்துவிடும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மேலத்தெருவில் நின்றால் கீழத்தெருச் சிரிப்பு கேட்கும். உலகம்மை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்றாள்.

அந்த வருஷம் முன்பனி வாசலைத் திறக்கத் தும்பையின் பிள்ளைகளைக் கூப்பிட்டார் ராஜா. சரி, புதுசு, ஆசைக்கு ஒரு தடவை என்று உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்பனி வாசலுக்கும் தும்பையைக் கூப்பிட்டார். அன்றைக்கு உலகம்மை வீட்டில் குழம்பு தீய்ந்தது. பங்குனி கடைசியில் தண்டோராப் போடுகிறவன் வந்து, நாளை உச்சிப்பொழுதில் இளவேனில் வாசலைத் திறக்கப் போவதும் தும்பையின் பிள்ளைகள்தான் என்று அறிவித்துவிட்டுப் போனான். உலகம்மை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, தண்ணீர் குடித்தும் அடங்காமல் எரிந்தது.

"அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று சுவரைக் கேட்டாள். சுவர் என்ன சொல்லும்?

உலகம்மைக்கு ஒரு மகள், தவமணி. அப்பன் உப்பு வண்டியோடு வெளியூர் போனால் ஒரு பருவம் கழித்துத்தான் திரும்புவான். ஆகவே வீட்டில் தாயும் மகளும்தான். தவமணிக்கு மூன்று வயது முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. ஆனால் யார் கேட்டாலும் உலகம்மை மூன்றைச் சொல்லமாட்டாள். முதலில் "நாலு நடக்குது" என்று சொல்லிவந்தாள். தும்பை கொட்டகையின் நாலு வயசுப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, "நடக்குது" என்பதையும் விட்டுவிட்டு, "நாலு" என்றே சொல்ல ஆரம்பித்தாள். மூணு வயசுப் பிள்ளை இருபதுவரை சொன்னாலும் நாலு வயசுப் பிள்ளை இருபதுவரை சொன்னாலும் தாய்க்குத்தானே பெருமை, பிறகு எதற்கு வயதைக் கூட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தன் பிள்ளை எதிலாவது முந்தி நிற்க வேண்டும், அவ்வளவுதான். பொறாமைக்கு நியாயம் பார்க்கத் தெரியாது.

அன்று சாயங்காலம் தவமணி கையில் நுங்கோடு ஓடிவந்தாள். அந்த வருஷத்து முதல் நுங்கு.

"ஏது இது?"

"தும்பை அத்தை குடுத்தாங்க."

"அங்க ஏன் போன? உனக்குத்தான் நம்ம கொட்டகை இருக்கே."

தவமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நுங்கின் கண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். "ஒண்ணு உனக்கு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு அத்தைக்கு. நான் போய்க் குடுத்துட்டு வரேன்."

உலகம்மை அந்தக் கடைசிக் கண்ணைத் தோண்டி எடுத்து, கோழிகள் மேயும் பக்கம் வீசினாள். "அத்தைக்கு எதுக்கு? ரெண்டே போதும். நீயும் நானும்."

பிள்ளை அழவில்லை. கோழி கொத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் பங்கையும் தின்னாமல் வைத்துவிட்டாள். அதைப் பார்த்த உலகம்மைக்கு மகள் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் கீழத்தெருப் பக்கமே போனது. சொந்தப் பிள்ளையையும் எடுத்துக்கொண்டாளே என்று நெஞ்சு கொதித்தது.

மறுநாள் காலை, ஊர் வாசலுக்குத் தோரணம் கட்டப் போனபோது, உலகம்மை பெரிய ஏரிக்குப் போனாள்.

ஏரியின் மதகுக்கு அடியில் ஒரு மாயத் தேரை இருந்தது. சாதாரணத் தேரை தேங்காயை மோந்தால் உள்ளே பருப்பு இல்லாமல் போகும் என்பார்கள். இந்தத் தேரை எண்களை மோந்து விழுங்கும். ஆட்டுக்கல் பருமன் இருக்கும். தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கும். ஈரத்தில்தான் அதற்கு உயிர். ஏரி வற்றினால் அதுவும் வற்றும்.

"வாம்மா உலகம்மா. வயிற்றெரிச்சல் ஏரிக்கரை வரைக்கும் சுடுகிறதே" என்றது தேரை.

"தும்பையோட பிள்ளைங்க இன்னைக்குத் தப்பா எண்ணணும். எல்லாரும் பாக்கத் தப்பா எண்ணணும். அப்புறம் என் பிள்ளைங்க போய் வாசலத் திறக்கும்."

"எந்த எண்ணை விழுங்கட்டும்? ஒன்றையா?"

"ஒண்ணு வேணாம். அது இல்லாம யாராலயும் தொடங்கவே முடியாது. சந்தேகம் வந்துடும்."

"இரண்டையா?"

"ரெண்டும் வேணாம். எனக்குக் கண்ணு ரெண்டு இருக்கு."

"அப்படியானால்?"

"மூணு" என்றாள் உலகம்மை. நன்றாக யோசித்து வைத்திருந்தாள். இளவேனிலுக்குத் தும்பை பழக்கியிருந்த கணக்கு அவளுக்குத் தெரியும். வேப்பம்பூ, மாவிலை, நுங்கு. மறுபடி வேப்பம்பூ, மாவிலை, நுங்கு என்று வாசல் நெடுக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். மூன்றில் நிற்கிற கணக்கு. மூன்று போனால் எல்லாம் போகும்.

தேரை கண்ணை மூடித் திறந்தது. "விழுங்குவதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கேட்காமல் விழுங்கினால் எனக்கு விக்கிக்கொள்ளும். உன் வீட்டில் மூன்று என்று ஏதாவது உண்டா?"

உலகம்மை யோசித்தாள். தினமும் மூன்று கல் அடுப்பில் சோறு வடிக்கிறவள், அடுப்பை மறந்தாள். வயிறு எரிகிறவளுக்கு அடுப்பா ஞாபகம் வரும்? "வீட்டுல நானும் என் மகளும் ரெண்டு பேர்தான்" என்றாள்.

"மகளுக்கு என்ன வயது?"

"நாலு."

"நாலா?"

"நாலுன்னா நாலுதான்" என்றாள் உலகம்மை.

தேரையின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. "சரி. பிள்ளைகள் எண்ணும்போது விழுங்குகிறேன். நீ போ."

உச்சிப்பொழுது. இளவேனில் வாசல் முன்னால் ஊரே கூடியிருந்தது. ராஜா வந்தார், ராணி வந்தார், யானையும் வந்து தன் வீங்கிய நெற்றியை நினைத்துக்கொண்டு தள்ளியே நின்றது. பிள்ளைகள் வேப்பம்பூவும் மாவிலையும் நுங்கும் பரப்பிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொங்கலுக்கு மூன்று கல் மேல் பானையும் ஏறியிருந்தது. உலகம்மை தன் பிள்ளைகளோடு ஒரு பக்கம் நின்றாள். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். தும்பையின் வரிசையில், தும்பையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தவமணி உட்கார்ந்திருந்தாள்.

எப்போது நழுவினாள்? எப்போது அங்கே போனாள்? "அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று உலகம்மை வாய்க்குள் சொன்ன அதே நேரம், தும்பை குனிந்து, "நீ எண்ணு கண்ணு" என்றாள்.

தவமணி வேப்பம்பூவை வைத்தாள். "ஒண்ணு."

மாவிலையை வைத்தாள். "ரெண்டு."

நுங்கைக் கையில் எடுத்தாள். ஊரைப் பார்த்தாள். கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து, பெருமையோடு வாயைத் திறந்தாள்.

நுங்கு தரையில் உருண்டது. தவமணி உட்கார்ந்திருந்த இடத்தில் தவமணி இல்லை.

அவள் மட்டுமல்ல. ஊரில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. இடுப்பில் இருந்த பிள்ளை இடுப்பில் இல்லை, தோளில் இருந்தது தோளில் இல்லை. பொங்கல் பானை சாய்ந்து உருண்டு, பால் மண்ணில் ஓடியது. பானைக்கு அடியில் ரெண்டு கல்தான் நின்றது. பெண்களின் பின்னல்கள் அவிழ்ந்து தொங்கின. ஒரு புரி போன பின்னல் எப்படி நிற்கும்? தோப்பில் தேங்காய்கள் பார்வை இழந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன.

பெரிய பிள்ளைகளை எண்ணச் சொன்னார்கள். "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்றன. உலகம்மையின் பிள்ளைகளை எண்ணச் சொன்னார்கள். அவையும் "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்றன. யாரோ அவசரத்தில் ஒரே வீச்சில் நாலு கல்லைப் போட்டுப் பானையை வைத்தார்கள். மேடு பள்ளத்தில் பானை தாளம் போட்டு, அதுவும் கவிழ்ந்தது. கதவு அசையவில்லை. வெளியே இளவேனில் நின்று தட்டிக்கொண்டிருக்க, உள்ளே பனி விலகாமல் குளிர்ந்தது.

உலகம்மை ஏரிக்கு ஓடினாள்.

"என் பிள்ளை எங்க?"

தேரையின் வயிறு இப்போது வைக்கோல் போர் போல உப்பியிருந்தது. "மூன்று எதுவும் இல்லை என்று நீதான் சொன்னாய். என் வயிற்றுக்குள் வந்தவளோ மூன்று முடிந்தவள். நடக்கிற வயதை யார் கேட்டார்கள்? முடிந்த வயதைத்தான் நான் கேட்டேன்."

"தும்பை பிள்ளைங்ககிட்ட இருந்துதானே எடுக்கச் சொன்னேன்."

"எண்ணுக்கு மேலத்தெரு கீழத்தெரு கிடையாது அம்மா. எடுத்தால் எல்லாரிடமிருந்தும்தான் போகும். வாசல் இனித் திறக்காது, வெயில் வராது, என் ஏரி வற்றாது. உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்."

அப்போதுதான் உலகம்மைக்குப் புரிந்தது. தன் பொறாமையில் தேரை குளிர்காயவில்லை. தன் பொறாமையை வைத்து ஊரையே குளிரவைத்துவிட்டது. அவள் கரையில் மண்டியிட்டாள். "என்ன செஞ்சா திருப்பித் தருவ?"

"என் முன்னால் மூன்றைக் கொண்டுவந்து வை. வெளியே மூன்றைப் பார்த்தால் உள்ளே இருக்கிற மூன்று நிற்காது, ஓடிவந்துவிடும். அது என் விதி. ஆனால் யாரால் வைக்க முடியும்? ஊரில் ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லை. உனக்கும்தான்."

உலகம்மை கூழாங்கல் பொறுக்கினாள். ஒன்று வைத்தாள், ரெண்டு வைத்தாள், அடுத்து கை தானாக நாலுக்குத் தாவியது. கலைத்தாள். புல் கிள்ளினாள். ஒன்று, ரெண்டு, நாலு. கதைகளில் எல்லாம் இதற்கு அடுத்த முறைதான் பலிக்கும். பாவம், அவளுக்கு அடுத்த முறை என்பதே இல்லை. அதைத்தான் தேரை விழுங்கிவிட்டதே.

தேரையின் வயிற்றுக்குள்ளிருந்து, பானைக்குள் பேசுவது போல ஒரு சின்னக் குரல் வந்தது. "அம்மா, இங்க இருட்டா இருக்கு. வாம்மா. அத்தையையும் கூட்டிட்டு வா."

அந்த நேரத்திலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, 'அத்தையையும்' என்ற சொல் உலகம்மையைக் கடித்தது. கடித்தாலும் எழுந்து ஊரைப் பார்த்து ஓடினாள்.

தும்பை வாசலடியில், தவமணி உட்கார்ந்திருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அந்த இடத்தை மிதித்துவிடக் கூடாது என்பது போல.

"நான்தான் பண்ணேன்" என்றாள் உலகம்மை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

தும்பை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெரிய சிரிப்பு முகத்தில் எங்கேயும் இல்லை. "ஏன்க்கா?"

"பொறாமை. உன்னப் பாத்தா வயிறு எரிஞ்சுது. உன்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு எரிஞ்சுது."

"என்கிட்ட என்னக்கா இருக்கு? பொழுது சாஞ்சா எல்லாப் பிள்ளையும் அதது வீட்டுக்குப் போயிடும். உன் மக உன் கையப் புடிச்சிட்டுப் போறத வாசல்ல நின்னு பாப்பேன். எனக்கும்தான் எரியும். நான் கதவச் சாத்திட்டுப் படுத்துப்பேன். தேரைகிட்டப் போகல."

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மன்னித்துவிட்டேன் என்று தும்பை சொல்லவில்லை. அதெல்லாம் அவ்வளவு சுலபமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

"உன்னயும் கூட்டிட்டு வரச் சொன்னா."

சொல்லும்போதே உலகம்மைக்கு நேற்றைய நுங்கு ஞாபகம் வந்தது. தவமணி எண்ணவே இல்லையே. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அத்தைக்கு. ஆளுக்கு ஒன்றாகத்தானே தொட்டாள். எண்ணின் பெயர் தெரியாத சின்னதுகள் அப்படித்தான் பங்கு போடும். எத்தனை வருஷம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பேர் சொல்லி எண்ணு" என்று திருத்தியிருக்கிறாள்.

"பானையத் தூக்கு, கொஞ்சம் பாலும் எடுத்துக்க" என்றாள் உலகம்மை. தன் முந்தானையில் கல்லை அள்ளினாள். எத்தனை என்று பார்க்கவில்லை.

ஏரிக்கரையில், மதகுக்கு நேர் எதிரில், தேரை பார்த்துக்கொண்டிருக்க உட்கார்ந்தாள். ஒரு கல்லை வைத்தாள்.

"இது எனக்கு."

இன்னொரு கல்லை வைத்தாள். "இது என் தவமணிக்கு."

கையில் அடுத்த கல். தேரை சிரித்தது. உலகம்மையின் கை அந்தரத்தில் நின்றது. எண் தெரியாமல் நிற்கவில்லை. ரெண்டே போதும் என்று நெஞ்சு சொன்னது. நீயும் உன் மகளும், வேறு யாருக்கும் இங்கே இடம் இல்லை என்றது. அந்த எரிச்சல் எங்கேயும் போகவில்லை, அப்படியேதான் இருந்தது. போகட்டும், எரிந்தால் எரியட்டும் என்று கல்லை மண்ணில் அழுத்தி வைத்தாள்.

"இது தும்பைக்கு."

தும்பை அந்தக் கற்களின்மேல் பானையை வைத்தாள். பானை ஆடவில்லை.

பனையோலையைக் கொளுத்திச் செருகினார்கள். பால் சூடேறியது. தேரை சிரிப்பதை நிறுத்தியது. அடுப்பைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது, கண் பிதுங்கியது. வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பால் நுரைத்து விளிம்பைத் தாண்டிப் பொங்கிய நேரம், தேரைக்கு ஒரு பெரிய விக்கல் வந்தது.

முதல் விக்கலில் பின்னல்களின் புரியெல்லாம் காற்றில் பறந்து போனது. அடுத்த விக்கலில் தேங்காய்களின் கண்ணெல்லாம் தோப்பைப் பார்த்து ஓடியது. மூன்றாவது விக்கலில் — ஆமாம், மூன்றாவது, இனித் தாராளமாகச் சொல்லலாம் — புளியங்கொட்டை அளவுப் பிள்ளைகள் பொலபொலவென்று உதிர்ந்து, தரையில் பட்டதும் தத்தம் அளவுக்கு வளர்ந்து, அம்மா அம்மா என்று அலறின.

தவமணி நனைந்த தலையோடு எழுந்து நின்றாள். உலகம்மை வாரி எடுத்துக்கொண்டாள். பிள்ளை ஒரு கையால் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையைத் தும்பையிடம் நீட்டினாள். உலகம்மை அந்தக் கையை இழுக்கவில்லை.

தேரை சுருங்கிச் சுருங்கி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகிவிட்டது. போனது போகட்டும், தேங்காயின் மூன்று கண்ணிலாவது ஒரு மூன்று கிடைக்காதா என்று தோப்புக்குள் தத்தி ஓடியது. அது வருவதைப் பார்த்த தேங்காய்கள் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டன. அன்றைக்கு மூடியதுதான், இன்னும் திறக்கவில்லை. வேண்டுமானால் மட்டையை உரித்துப் பாருங்கள்.

வாசலில் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை மேலத்தெருப் பிள்ளை ஒன்று, கீழத்தெருப் பிள்ளை ஒன்று என்று மாறி மாறி. வேப்பம்பூ, மாவிலை, நுங்கு. வேப்பம்பூ, மாவிலை, நுங்கு. கதவுவரை போய்ச் சேர்ந்ததும் தவமணி கடைசி நுங்கை வைத்து, "மூணு" என்றாள். கதவு திறந்தது. வெதுவெதுப்பான காற்று ஊருக்குள் வந்து, பனியைத் துடைத்துக்கொண்டு போனது.

ராஜா மாலையை எடுத்தார். உலகம்மை எட்டி நின்று, நடந்ததை ஊர் முன்னால் தானே சொன்னாள். பிள்ளையைத் தொலைத்துத் தவித்த தாய்மார்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். அவள் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள். தீயைத் தானே மூட்டித் தானே அணைத்தவளை என்ன செய்வது என்று ராஜா தாடியைத் தடவினார். கடைசியில் மாலையைப் பிள்ளைகள் வரிசைக்கே போட்டுவிட்டார். இனி ஆறு வாசலும் இரண்டு கொட்டகைக்கும் பொது என்றார். மாலை முழு வரிசைக்கும் எட்டியதா என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் இழுத்துப் பிய்த்ததில் ஆளுக்கு ஒரு பூ கிடைத்தது.

கூட்டம் கலைந்தபோது, திறந்த வாசலுக்கு வெளியே நுங்குக்காரி கடை பரப்பியிருந்தாள். உலகம்மை ஒரு நுங்கு வெட்டச் சொன்னாள். தவமணி கண்களைத் தொட்டாள்.

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு எனக்கு." அதோடு நிறுத்திவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு அத்தைக்கு" என்றாள் உலகம்மை. "நீயே போய்க் குடு." கொஞ்சம் பொறுத்து, "சீக்கிரம் வந்துடு" என்றும் சேர்த்துக்கொண்டாள். பொறாமை ஒரே நாளில் ஊரைவிட்டுப் போய்விடுமா என்ன?

பிள்ளை இரண்டு கையாலும் நுங்கை ஏந்திக்கொண்டு தும்பையைப் பார்த்து ஓடுவதை நுங்குக்காரி பார்த்தாள். "கெட்டிக்காரப் பிள்ளை. என்ன வயசும்மா ஆகுது?"

உலகம்மையின் நாக்கு பழக்கத்தில் நாலுக்குத் தயாரானது. அவள் அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"மூணு."